‘கூடாது’ என்ற சொல்லும் ‘இல்லை’ என்ற சொல்லும்

கந்தசஷ்டி விரதத்தின் ஆறு நாட்களையும் பாலும் பழமுமாகக் கழிப்பது இளமைக்காலம் முதலே எனக்குக் கடினமாக இருந்ததில்லை. ஆனால், ஐம்பத்தெட்டாவது வயதில் எனக்கு நீரிழிவு என்று கூறிய வைத்தியர் தேநீரில் சீனியையும் மாலையில் பணிஸையும் விடச் சொன்னபோது, மூன்று நாட்களே தாக்குப்பிடித்தேன். நான்காம் நாள் இரவுப் பணியில், பக்கங்கள் அச்சுக்குப் போகத் தாமதமான வேளையில், ஒரு பணிஸை உண்டேன். ‘இன்றைய நாள் கெட்டுவிட்டது, இனி நாளைக்குப் பார்ப்போம்’ என்று உள்ளிருந்து ஒரு குரல் சொன்னது. அடுத்த இரண்டும் அந்தக் குரலின் அனுமதியோடுதான் உள்ளே சென்றன.

அதே வயிறு, அதே நாக்கு. விரதத்தில் அடங்கியது பத்தியத்தில் ஏன் அடங்கவில்லை? இந்தக் கேள்விக்கு விடை தேடப் புறப்பட்டபோது, உணவுக் கட்டுப்பாட்டின் வரலாற்றில் பெரும்பகுதி மனிதன் தன்னோடு தானே பேசிக்கொண்ட பேச்சின் வரலாறு என்பதைக் கண்டேன்.

நவீன காலத்தில் இக்கதை லண்டனில் தொடங்குகிறது. அரச குடும்பத்தின் இறுதிச் சடங்குகளை நடத்திய நிறுவனமொன்றின் உரிமையாளர் வில்லியம் பான்ரிங். 1862 ஆகஸ்டில் அவரது எடை 202 இறாத்தல். குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்ட இயலாது. படிகளில் பின்புறமாகவே இறங்குவார். பிறர் ஏளனத்துக்கு அஞ்சிப் பொது இடங்களைத் தவிர்த்தார். படகு வலித்தார், பசிதான் கூடியது. காது கேளாமைக்காக அணுகிய வைத்தியர் வில்லியம் ஹார்வி பாண், சீனி, பியர், உருளைக்கிழங்கு ஆகியவற்றைக் குறைக்கச் சொன்னார். ஓராண்டில் 46 இறாத்தல் குறைந்தது. 1863இல் பான்ரிங் வெளியிட்ட சிறுநூல் உலகெங்கும் பரவியது. சுவீடிஷ் மொழியில் உணவைக் கட்டுப்படுத்துதலைக் குறிக்கும் வினைச்சொல் இன்றும் அவர் பெயரிலிருந்து வந்ததே.

1918இல் கலிபோர்னியா வைத்தியர் லூலு ஹன்ற் பீற்றர்ஸ் எழுதிய நூல், கலோரிக் கணக்கை அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டு சென்றது. அது உலகப் போர்க்காலம். மிகையாக உண்பது நாட்டுக்குச் செய்யும் துரோகம் என்ற தொனியும் கணக்கோடு சேர்ந்தே வந்தது. கணக்குத் தவறினால் குற்றவுணர்வு; உண்பவர் தம்மையே வைதுகொள்ளும் பழக்கம் இவ்வாறு வலுப்பெற்றது.

எல்லாவற்றையும் மனவுறுதியால் வெல்லலாமா? 1944 - 1945 காலப்பகுதியில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் நடத்திய பரிசோதனை இதற்கு விடை தந்தது. மனச்சாட்சியின் பெயரால் ஆயுதமேந்த மறுத்த 36 இளைஞர்கள், போரால் பட்டினியுற்ற மக்களுக்கு உதவும் நோக்குடன் தாமாக முன்வந்தனர். இவர்களுடைய மனவுறுதியை எவரும் ஐயுற முடியாது. நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரியுடன் 24 வாரங்கள் வாழ்ந்து, எடையில் ஏறத்தாழக் கால் பங்கை இழந்தனர். உணவே அவர்களது சிந்தனையாயிற்று. சமையல் நூல்களை ஆவலுடன் படித்தனர், தட்டுகளை நக்கினர், ஓரிருவர் இரகசியமாக உண்டனர். உடல் பசியால் கூவும்போது மனத்தின் குரல் எடுபடாது.

ஆயினும், உடல் கூவாத வேளையிலும் நாம் தவறுகிறோம். 1975இல் பீற்றர் ஹேர்மனும் மாக்கும் வெளியிட்ட ஆய்வில், மாணவிகளுக்கு மில்க்சேக் கொடுத்தபின் ஐஸ்கிறீமைச் சுவைபார்க்கச் சொன்னார்கள். கட்டுப்பாடு எதுவுமில்லாதவர்கள், வயிறு நிறைந்ததால் குறைவாக உண்டனர். உணவைக் கட்டுப்படுத்தி வந்தவர்களோ மில்க்சேக் அருந்தியபின் கூடுதலாக உண்டனர்! கலோரி மிகுந்ததை உண்டுவிட்டோம் என்று நம்புவதே இதற்குப் போதுமானது என்பதை, மறு ஆண்டு ஜெனற் பொலிவி காட்டினார். எனது இரண்டாவது பணிஸுக்கு அனுமதி வழங்கிய குரல் இதுவே.

அக்குரலுக்கு மாற்று என்ன? 2007இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், டோனற் உண்ட பெண்களில் ஒரு பகுதியினரிடம், எல்லோரும் இப்படி உண்பதுண்டு, உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம் என்று கூறப்பட்டது. உணவைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் இயல்பினரில், இவ்வாறு ஆறுதல் பெற்றவர்கள் அடுத்து வைக்கப்பட்ட இனிப்புகளைக் குறைவாகவே உண்டனர். கடிந்துகொள்வதே கட்டுப்பாடு என்று நம்பி வளர்ந்த எம் தலைமுறைக்கு இது விந்தைதான்.

இதனை ஆய்வுகளுக்கு முன்பே உணர்ந்தவர் நியூயோர்க்கின் ஜீன் நிடெச். 1961இல் 214 இறாத்தல் எடையுடன் நகரச் சுகாதாரத் திணைக்களத்தின் சிகிச்சை நிலையத்துக்குச் சென்றார். குளியலறையின் அழுக்குத்துணிக் கூடையில் பிஸ்கற்றுகளை ஒளித்து வைத்து உண்பதை அங்கே சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஆறு தோழியரை வீட்டுக்கு அழைத்து அவர்களிடம் சொன்னார். அவர்களும் தத்தம் இரகசியங்களைச் சொன்னார்கள். அடுத்த ஆண்டுக்குள் அவர் எடை 72 இறாத்தல் குறைந்தது; அந்தச் சந்திப்பு 1963இல் ‘வெயிற் வாச்சர்ஸ்’ நிறுவனமாயிற்று.

எனது கேள்விக்கு வருகிறேன். விரத நாட்களில் ஊரே உடன் நோற்றது. நான் தனியன் அல்லன். ஆறே நாட்கள் என்பதால் உடலும் பொறுத்துக்கொண்டது. இவற்றோடு மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. 2012இல் வனெசா பற்றிக், ஹென்றிக் ஹாக்வெற் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், ‘என்னால் உண்ண முடியாது’ என்று தமக்குள் சொல்லிக்கொண்டவர்களில் 39 வீதத்தினரே சொக்கலேட்டை விடுத்துச் சத்துள்ள தின்பண்டத்தை எடுத்தனர். ‘நான் உண்பதில்லை’ என்றவர்களில் 64 வீதத்தினர். ஒரு சிறிய ஆய்வைக்கொண்டு உலகை அளந்துவிட முடியாதுதான். ஆனால் எங்கள் வீடுகளில், ‘வெள்ளிக்கிழமைகளில் மச்சம் சாப்பிடுவதில்லை’ என்றே சொல்வோம். அதில் ஏக்கமில்லை, தடைவிதித்த எவர்மீதும் கோபமுமில்லை. ‘கூடாது’ என்பது வைத்தியரின் சொல். ‘இல்லை’ என்பது என் சொல்.

தேநீர்க் கடைப் பையனிடம், ‘தம்பி, எனக்குச் சீனி கூடாதாம்’ என்று சொல்லி வந்த நான், இப்போது ‘நான் சீனி போடுவதில்லை’ என்கிறேன். பணிஸ் இன்னும் சிற்சில நாட்களில் என்னை வெல்கிறது. ஆனால் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். கெட்டது ஒரு பணிஸ்தான், அந்த நாள் அல்ல.