பெனிசிலின்: கதையின் மறந்துபோன பாதி

பெனிசிலினைக் கண்டுபிடித்தவர் யார் என்று பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கேட்டாலும் அலெக்சாண்டர் பிளெமிங் என்று உடனே விடை வரும். ஜன்னலோரத்தில் மூடாமற் கிடந்த தட்டு, அதில் வந்து விழுந்த பூஞ்சணம், அதைச் சூழ்ந்து மடிந்துபோன கிருமிகள் என்று கதையும் கூடவே வரும். கதை பொய்யல்ல. லண்டன் சென் மேரிஸ் வைத்தியசாலையில் 1928 செப்டெம்பரில் அது நடந்தது. அடுத்த ஆண்டு பிளெமிங் அதைப்பற்றிக் கட்டுரையும் எழுதினார். ஆனால் அந்தக் கட்டுரையால் ஒரு நோயாளியும் பிழைக்கவில்லை. பூஞ்சணச் சாற்றிலிருந்து மருந்தைப் பிரித்தெடுக்கும் வழி கைகூடவில்லை. பிளெமிங்கும் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அந்தக் கட்டுரை நூலக அலுமாரியில் உறங்கியது.

அதை எழுப்பியவர்கள் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். இன்று நேயர்களுக்குச் சொல்ல வந்தது அவர்களின் கதைதான்.

ஹவார்ட் புளோரி அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரத்தவர். 1935இல் ஒக்ஸ்போர்ட்டின் நோயியற் பேராசிரியராக வந்தவர். அதிகம் பேசாதவர், பத்திரிகைக்காரரைக் கண்டால் கதவைச் சாத்துபவர். ஏர்ன்ஸ்ட் செயின் பேர்லினிற் பிறந்த யூதர். ஹிட்லர் பதவிக்கு வந்த 1933இல் இங்கிலாந்துக்கு ஓடிவந்தவர். ஜேர்மனியிலே தங்கிவிட்ட தாயும் சகோதரியும் பின்னர் நாஸிகளின் கையில் மாண்டுபோயினர். பியானோ வாசிப்பதில் வல்லவர், வாய் ஓயாதவர். 1938இல் பழைய சஞ்சிகைகளைப் புரட்டியபோது பிளெமிங்கின் கட்டுரை செயினின் கண்ணிற் பட்டது. எழுதியவர் உயிரோடிருக்கிறார் என்பதே அப்போது அவருக்குத் தெரியாதாம்.

மூன்றாமவர் நோர்மன் ஹீட்லி. இவரை அறிந்தவர் மிகக் குறைவு. ஆராய்ச்சிக்காகக் கோப்பன்ஹேகன் போகவிருந்தவர், 1939இல் யுத்தம் மூண்டதால் ஒக்ஸ்போர்ட்டிலேயே நின்றுவிட்டார். அப்படி நின்றுவிட்டது மனித குலத்தின் அதிர்ஷ்டம் என்றே சொல்லத் தோன்றுகிறது. பெனிசிலின் ஈதரிற் கரையும். ஆனால் ஈதரிலிருந்து மீட்க முயலும்போது அழிந்துபோகும். இதுதான் முட்டுக்கட்டை. சற்றே காரத்தன்மையுள்ள நீரை அந்த ஈதருடன் சேர்த்துக் குலுக்கினால் மருந்து மறுபடி நீருக்கே வந்துவிடாதா என்று ஹீட்லி கேட்டார். செயின் அதை மதிக்கவில்லை. ஹீட்லி செய்து பார்த்தார், வந்தது. எளிய யோசனைதான். ஆயினும் பத்தாண்டுப் பூட்டைத் திறந்த சாவி அதுவே.

1940 மே 25, சனிக்கிழமை. எட்டு எலிகளுக்கு உயிர்கொல்லும் அளவில் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமிகள் ஏற்றப்பட்டன. நான்குக்குப் பெனிசிலின் கொடுத்தார்கள். மற்ற நான்குக்கும் ஒன்றுமில்லை. அன்றிரவு ஹீட்லி ஆய்வுகூடத்திலேயே காவலிருந்தார். விடிய மூன்றே முக்கால் மணியளவில் மருந்து பெறாத நான்கும் இறந்து கிடந்தன. மருந்து பெற்ற நான்கும் உயிரோடிருந்தன. ஹீட்லி சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அடுத்த நாள்தான் டன்கேர்க் கரையிலிருந்து பிரித்தானியப் படைகளை மீட்கும் பெருமுயற்சி தொடங்கியது. ஜேர்மனியர் எந்நேரமும் இங்கிலாந்தில் இறங்கலாம் என்ற அச்சம். அப்படி நேர்ந்தால் ஆவணங்களை அழித்தாலும் பூஞ்சணம் அழியக்கூடாது என்று, அதன் வித்துகளைத் தங்கள் மேலங்கிகளின் உட்புறத் துணியிலே தேய்த்து வைத்துக்கொண்டார்கள் இந்த விஞ்ஞானிகள்.

எலிக்குப் போதிய மருந்து மனிதனுக்குப் போதாது. மனித உடல் எலியைப்போல ஏறத்தாழ மூவாயிரம் மடங்கு பெரியது. யுத்தகாலத்தில் புதிய பாத்திரங்களுக்கு எங்கே போவது? பிஸ்கட் தகரம், பால் கேன், குளியல் தொட்டி என்று கிடைத்ததிலெல்லாம் பூஞ்சணம் வளர்த்தார்கள். எல்லாவற்றிலும் பொருத்தமாக அமைந்தது எது தெரியுமா? படுத்த படுக்கையான நோயாளருக்கு வைக்கும் பெட்பான்! அந்த வடிவத்தைக் கொஞ்சம் மாற்றி ஹீட்லி ஒரு மட்பாத்திரம் வரைந்தார். ஸ்டாபோர்ட்ஷயர் மட்பாண்டத் தொழிற்சாலை ஒன்று அதை வனைந்து கொடுத்தது. 1940 டிசெம்பர் 23ஆம் திகதி இரவல் வான் ஒன்றிலே போய் 174 பாத்திரங்களை ஹீட்லி தாமே ஏற்றிவந்தார். நத்தார் தினத்திலே அவற்றில் முதல் வித்துகள் இடப்பட்டன. பாத்திரங்களைப் பார்த்துக்கொள்ள ஆறு இளம் பெண்கள் வேலைக்கு அமர்த்தப்பட்டனர்.

இப்போது அந்தப் பொலிஸ்காரரிடம் வருவோம்.

அல்பேர்ட் அலெக்சாண்டர், வயது 43. ஒக்ஸ்போர்ட் ரட்கிளிப் வைத்தியசாலையிற் கிடந்தார். ரோசாச் செடியின் முள் முகத்திற் கீறியதுதான் தொடக்கம் என்பது நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த கதை. குண்டுவீச்சிலே பட்ட காயம் என்று பின்னர் வேறொரு விளக்கமும் வந்தது. எப்படியோ, காயத்தில் கிருமி புகுந்து முகமும் தலையும் சீழ்க்கட்டிகளாகி, ஒரு கண்ணையும் எடுக்கவேண்டியதாயிற்று. நுரையீரலும் தப்பவில்லை. அக்காலத்தின் பெருமருந்தான சல்பா மருந்தும் கைவிட்டது.

1941 பெப்ரவரி 12இல் டொக்டர் சார்ள்ஸ் பிளெட்சர் அவருக்கு 200 மில்லிகிராம் பெனிசிலின் ஏற்றினார். பிறகு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை 100 மில்லிகிராம். ஒரு நாளைக்குள் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது, சீழ் வற்றியது, நோயாளி சாப்பிடக் கேட்டார். ஆனால் கையிருப்பு கரைந்துகொண்டே போயிற்று. உடலிற் செலுத்தும் பெனிசிலினில் பெரும்பகுதி சிறுநீரோடு வெளியேறிவிடும். ஆகவே நோயாளியின் சிறுநீரைச் சேகரித்து, சைக்கிளிலே ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய், அதிலிருந்து மருந்தை மறுபடி பிரித்து, மறுபடி அவருக்கே ஏற்றினார்கள். அந்தச் சைக்கிள் ஓட்டத்தை நினைக்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது. பிற்கால மருந்துக் கம்பனிகளின் ஆரவாரத்தையெல்லாம் ஒரு தட்டில் வைத்து, இந்தச் சிறுநீர்ப் போத்தலை மறு தட்டில் வைத்தால் எது தாழும் என்பதை நேயர்களே முடிவு செய்யட்டும்.

ஐந்து நாளில் மருந்து தீர்ந்தது. சில நாட்கள் நிலைமை நிதானமாக இருந்தது. பின்பு நுரையீரலிற் கிருமி மீண்டும் தலையெடுத்தது. மார்ச் 15ஆம் திகதி அலெக்சாண்டர் இறந்தார். மருந்து வேலை செய்தது, மருந்து போதவில்லை.

இனிமேல் அளவு போதாத சிகிச்சையில் இறங்குவதில்லை என்று புளோரி தீர்மானித்தார். அடுத்து வந்தவர்களிற் பலர் பிள்ளைகள். சிறிய உடலுக்குச் சிறிய அளவு போதுமல்லவா? சின்னமுத்துக்குப்பின் கிருமி பரவிச் சாகக் கிடந்த நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் கண் திறந்து, பேசி, விளையாடவும் தொடங்கினான். திடீரென்று மூளையில், நோயால் முன்பே நலிந்திருந்த இரத்தக் குழாய் வெடித்து இறந்துபோனான். மரண பரிசோதனையில் கிருமித் தொற்று நீங்கியிருந்தது தெரிந்தது. இந்த வெற்றி தோல்விகளையெல்லாம் ஒளிக்காமல் 1941 ஓகஸ்டில் லான்செட் சஞ்சிகையில் வெளியிட்டார்கள்.

அதற்கு முன்னரே புளோரியும் ஹீட்லியும் அமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள். குண்டுமழைக்கு நடுவில் இங்கிலாந்தில் பெருந்தொகையாக உற்பத்தி செய்ய வழியிருக்கவில்லை. இலினோய் மாநிலத்தின் பியோரியாவில், சோளத்திலிருந்து மா எடுக்கும்போது மிஞ்சும் கழிவுநீரைச் சேர்த்தபோது விளைச்சல் பன்மடங்கு பெருகியது. பின்னர் அதே ஊர்ச் சந்தையில் வாங்கிய பழுத்த கந்தலூப் பழம் ஒன்றிலே இன்னும் வீரியமான பூஞ்சணம் அகப்பட்டது. 1944இல் நேச நாட்டுப் படைகள் நோமண்டிக் கரையில் இறங்கியபோது காயப்பட்டவர்களுக்குப் போதிய பெனிசிலின் தயாராயிருந்தது.

புகழ் எப்படிப் பிளெமிங்குக்குப் போனது? 1942 ஓகஸ்டில் மூளைக்காய்ச்சலால் மரணப்படுக்கையிற் கிடந்த தம் நண்பர் ஒருவருக்காகப் பிளெமிங் புளோரியிடம் மருந்து கேட்டார். புளோரி கொடுத்தார், நண்பர் பிழைத்தார். டைம்ஸ் பத்திரிகை பெனிசிலினைப் பற்றி எவர் பெயரும் குறிப்பிடாமல் எழுதியது. உடனே சென் மேரிஸின் அல்ம்ரொத் ரைட், பெருமை பிளெமிங்குக்கே உரியதென்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். ஒக்ஸ்போர்ட்டிலிருந்து ரொபேர்ட் ரொபின்சன் பதில் எழுதினார். ஆனால் நிருபர்கள் சென் மேரிஸிலே வரவேற்கப்பட்டார்கள். ஒக்ஸ்போர்ட்டிலே புளோரி அவர்களைச் சந்திக்க மறுத்தார். மருந்து இல்லாத நேரத்திலே, நோயாளரின் உறவினர் வந்து கெஞ்சினால் என்ன சொல்வது என்பது அவருடைய கவலை. அந்த மௌனம் மனிதாபிமானமுள்ளதுதான். தம்மோடு உழைத்தவர்களின் பெயர்களையும் அது மறைத்துவிட்டது என்பதும் உண்மைதான்.

1945ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பிளெமிங், புளோரி, செயின் மூவரும் பகிர்ந்துகொண்டனர். ஒரு பரிசை மூவருக்குமேல் பகிரமுடியாது. ஹீட்லி வெளியே நின்றார். 1990இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் அவருக்கு மருத்துவத்திற் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது. மருத்துவர் அல்லாத ஒருவருக்கு அப்பட்டம் கிடைத்தது, அதன் எண்ணூறு ஆண்டு வரலாற்றில் அதுவே முதற் தடவை. அப்போது அவருக்கு வயது 79. 2004 ஜனவரியில் காலமானார்.

ஒக்ஸ்போர்ட் தாவரவியற் பூங்காவின் முகப்பிலே ஒரு சிறு தோட்டம் இருக்கிறது. பெனிசிலின் ஆய்வாளரின் நினைவாக அமெரிக்காவின் லாஸ்கர் அறக்கட்டளை 1953இல் அளித்தது. அங்குள்ள கல்லிலே புளோரி, செயினுடன் ஹீட்லி, பிளெட்சர் முதலியோர் பெயர்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பொலிஸ்காரர் அலெக்சாண்டரின் பெயர் அதில் இல்லை. தோட்டம் முழுவதும் நட்டிருப்பது ரோசாச் செடிகள்.