தெருவும் கோப்பும்: கரிசல் வட்டாரப் போராட்டங்களின் பயனை அளத்தல்

ஆய்வுச் சுருக்கம்

கோவில்பட்டியை நடுவாகக் கொண்ட கரிசல் மானாவாரி வட்டாரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் 1970கள் முதல் நடந்த சில போராட்டங்களை ஒப்பிட்டு, பிளவுபட்ட அரசியல் சூழலில் மக்கள் போராட்டத்தால் பயன் உண்டா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பயனை முடிவு, பங்கீடு, பொறுப்பு என மூன்றாகப் பிரித்து அளக்க வேண்டும். இங்குள்ள போராட்டங்கள் முதலாவதைப் பலமுறை பெற்றிருக்கின்றன. இரண்டாவதைப் பாதியில் விட்டிருக்கின்றன. மூன்றாவதைப் பெரும்பாலும் இழந்திருக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. கேள்வியும் அளவுகோலும்

கட்சியாலும் சாதியாலும் ஊர் இரண்டுபட்டுக் கிடக்கையில் தெருவில் இறங்கி என்ன ஆகப்போகிறது என்ற சலிப்பு பரவலாக இருக்கிறது. மக்கள் திரண்டால் எந்த அரசும் பணியும் என்ற நம்பிக்கைக்கும் குறைவில்லை. இரு தரப்பும் தத்தமக்கு வாகான உதாரணங்களைக் காட்டுவதால் விவாதம் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

ஆய்வுலகில் அதிகம் எடுத்தாளப்படுவது எரிகா செனோவெத், மரியா ஸ்டீபன் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு. 1900 முதல் 2006 வரை நடந்த 323 இயக்கங்களை அவர்கள் ஒப்பிட்டனர். வன்முறையற்ற இயக்கங்களில் பாதிக்குச் சற்று மேலும், ஆயுதமேந்தியவற்றில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கும் வென்றதாகக் கண்டனர். ஆனால் அவை ஆட்சியைக் கவிழ்க்கவோ அந்நியரை வெளியேற்றவோ எழுந்த இயக்கங்கள். மின்கட்டணத்துக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் நடக்கும் மறியலை அந்தத் தராசில் நிறுக்க முடியாது. நமக்குக் கூடுதலாக உதவுபவர் வில்லியம் கேம்சன். அமெரிக்காவின் 53 போராட்ட அமைப்புகளை ஆராய்ந்து 1975இல் எழுதிய நூலில், ஓர் அமைப்பை அதிகாரம் அங்கீகரிப்பது வேறு, அந்த அமைப்பின் மக்களுக்குப் புதிய நன்மை கிடைப்பது வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார்.

அந்தப் பிரிப்பை இக்கட்டுரை ஒரு படி நீட்டுகிறது. அரசு தன் நிலையை மாற்றியதா என்பது முடிவு. மாற்றத்தின் பலன் போராடியவர்களில் யார் யாருக்குப் போனது என்பது பங்கீடு. போராட்டத்தின்போது நடந்த உயிரிழப்புக்கும் அத்துமீறலுக்கும் யாராவது பதில் சொன்னார்களா என்பது பொறுப்பு. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் ஒரே போராட்டத்தை ஒருவர் வெற்றி என்கிறார், இன்னொருவர் தோல்வி என்கிறார்.

2. மின்சாரம் கிடைத்தது, யாருக்கு?

சி. நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை மாவட்டத்தில் முளைத்த விவசாயிகள் இயக்கம் 1970இல் மின்கட்டண உயர்வை எதிர்த்துத் தெருவுக்கு வந்தது. 1972இல் கோவை நகரத்தை மாட்டு வண்டிகளால் நிரப்பியது. அவ்வாண்டு போராட்டத்தில் இறந்த விவசாயிகளின் நினைவாக ஜூலை 5ஐ விவசாய அமைப்புகள் இன்றும் தியாகிகள் நாளாகக் கடைப்பிடிக்கின்றன. 1970களின் இறுதிக்குள் இயக்கம் தெற்கே கரிசல் காடு வரை வேர்விட்டிருந்தது. கட்சிக் கரைவேட்டிகளைத் தாண்டிய பச்சைத் துண்டு அதன் அடையாளம். மின்கட்டணம், கடன் வசூல், ஜப்தி, விளைபொருள் விலை ஆகியவை அதன் கோரிக்கைகள்.

முடிவு என்ற அளவில் இது தமிழகத்தின் பெரிய வெற்றிகளில் ஒன்று. எம்.ஜி.ஆர். அரசு 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1989இல் அமைந்த மு. கருணாநிதி அரசு எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரத்தை இலவசமாக்கின. இந்தச் சலுகை எவ்வளவு ஆழமாக ஊன்றிவிட்டது என்பதற்கு 2003-04 சான்று. ஜெயலலிதா அரசு மீண்டும் கட்டணம் விதித்தது. 2004 மக்களவைத் தேர்தலில் அதிமுக கூட்டணி தமிழகத்தில் ஓரிடமும் பெறவில்லை. அடுத்த சில நாட்களிலேயே கட்டணம் திரும்பப் பெறப்பட்டது. எழுபதுகளின் மறியல் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு முதலமைச்சரைப் பின்வாங்க வைத்திருக்கிறது.

பங்கீட்டுக்கு வரும்போது படம் மாறுகிறது. இலவச மின்சாரம் கிணறும் மோட்டாரும் இணைப்பும் உள்ளவருக்குத்தான் பயன்படும். விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம் பக்கத்துப் புஞ்சைகளில் வடகிழக்குப் பருவமழையை நம்பி உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் கம்பும் வத்தலும் போடுபவரில் பெரும்பாலோருக்குக் கிணற்றுப் பாசனம் இல்லை. கரிசல் மண் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தில்தான் வெள்ளாமை. பச்சைத் துண்டு போட்டுக்கொண்டு அதே மறியலில் உட்கார்ந்தவருக்கு அதன் தலையாய பலன் வீடு வந்து சேரவில்லை. நீர்ப்பாசன விவசாயியின் கோரிக்கை விவசாயி அனைவரின் கோரிக்கையாகப் பேசப்பட்டதன் விளைவு இது.

பொறுப்போ அறவே இல்லை. 1980 டிசம்பர் 31இல் கழுகுமலைக்கு அருகிலுள்ள குறிஞ்சாக்குளத்தில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் உயிரிழந்தனர். அந்த இறப்புகள் இயக்கத்தின் நினைவில் நிலைத்தன. அரசின் கணக்கில் யார் பேரிலும் எழுதப்படவில்லை. அதே குறிஞ்சாக்குளத்தில் 1992இல் அம்மன் சிலை ஒன்றை நிறுவுவது தொடர்பான சாதிப் பகையில் 4 தலித்துகள் கொல்லப்பட்டனர். அரசுக்கு எதிராக ஒன்றாக நின்ற ஊர், பன்னிரண்டு ஆண்டுக்குள் தனக்குள்ளேயே ரத்தம் சிந்தியது. கோரிக்கையால் வரும் ஒற்றுமை கோரிக்கையின் எல்லையோடு நின்றுவிடுகிறது. போராட்டம் பிளவை ஆற்றும் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்த ஓர் ஊரின் வரலாற்றைப் படித்தால் போதும்.

இயக்கத்தின் பலம் எங்கிருந்தது என்பதையும் காலம் காட்டியது. 1982இல் அது கட்சியாக உருவெடுத்தது. தேர்தல் வேலையாகச் சுற்றுப்பயணத்தில் இருந்த நாராயணசாமி நாயுடு 1984 டிசம்பர் 21இல் கோவில்பட்டியில் காலமானார். எல்லாக் கட்சிகளையும் அஞ்சவைத்த அமைப்பு, தானும் ஒரு கட்சியானதும் அவற்றில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது.

3. இரு தரப்பும் தெருவில் நிற்கும்போது

பிளவே போராட்டத்தின் பொருளாகும்போது என்ன நடக்கும்? 1995 ஆகஸ்ட் 31இல் கொடியங்குளம் என்ற கிராமத்துக்குள் பெரும் காவல் படை புகுந்து, தலித்துகளின் வீடுகளையும் உடைமைகளையும் அழித்தது. வெளிநாடு போகப் பிள்ளைகள் வைத்திருந்த கடவுச்சீட்டுகள்கூட எரிக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. அதையொட்டி எழுந்த எதிர்ப்பு அரசியல் பிரதிநிதித்துவமாக மாறியது: 1996 சட்டமன்றத் தேர்தலில் ஓட்டப்பிடாரம் தொகுதியில் அந்த எதிர்ப்பின் தலைவர் டாக்டர் க. கிருஷ்ணசாமி வென்றார். கேம்சன் சொன்ன அங்கீகாரத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இந்த வட்டாரத்தில் இல்லை.

1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு, தலித்துகள் போற்றும் வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டபோது எதிர்ப்பும் ஆதரவும் தெருவுக்கு வந்தன. தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. அரசு எந்தப் பக்கமும் சாயவில்லை. மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கியது. வ.உ.சி. பெயரில் இருந்த மாவட்டம் தூத்துக்குடி மாவட்டமானது அப்போதுதான். இரு சமூகங்களின் போராட்டம் நேருக்கு நேர் மோதும்போது அரசின் முடிவு கொடுப்பதாக இல்லாமல் நீக்குவதாக அமைகிறது. சச்சரவுப் பொருள் மறைகிறது. சச்சரவு அப்படியே இருக்கிறது. பொதுப்பெயர் மாறியதால் எந்த ஊரிலும் குடிநீர்க் குழாய்க்கோ தேர் வடத்துக்கோ புதிய உரிமை வந்துவிடவில்லை.

4. தூத்துக்குடியும் கூடங்குளமும்

ஒரே கடற்கரையின் இரண்டு போராட்டங்கள் எதிரெதிர் முடிவுகளைக் கண்டன. ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2010இல் உத்தரவிட்டது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, சுற்றுச்சூழல் பாதிப்புக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொல்லி ஆலையை இயங்கவிட்டது. 2018 பிப்ரவரியில் குமாரரெட்டியாபுரத்தில் தொடங்கிய போராட்டம், மார்ச் 24இல் வணிகர் கடையடைக்க, நகரமே திரண்ட கூட்டமாக வளர்ந்தது. நூறாவது நாளான மே 22இல் ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போனவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மொத்தம் 13 பேர் இறந்தனர். மே 28இல் அரசாணையின்பேரில் ஆலைக்குச் சீல் வைக்கப்பட்டது. 2020 ஆகஸ்டில் உயர் நீதிமன்றமும் 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் மூடலை உறுதி செய்தன.

ஆலையை மூடவைத்தது தெரு. மூடிய கதவு திறக்காமல் காத்தது கோப்பு. மனுதாரர்கள் 1990களிலிருந்து சேர்த்துவந்த நிலத்தடி நீர், காற்று, கழிவு பற்றிய ஆவணங்கள் இல்லையென்றால் 2018இன் அரசாணை முதல் மேல்முறையீட்டிலேயே விழுந்திருக்கக்கூடும். ஆவணம் மட்டுமே போதும் என்றால் 2013இலேயே ஆலை மூடியிருக்க வேண்டும்.

கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்து 2011இல் இடிந்தகரையை மையமாகக் கொண்டு எழுந்த போராட்டம் கட்டுப்பாட்டிலும் நீடிப்பிலும் குறைந்ததல்ல. அவ்வாண்டு செப்டம்பர் 22இல் மாநில அமைச்சரவை, மக்களின் அச்சம் நீங்கும்வரை பணிகளை நிறுத்த வேண்டும் என்று தீர்மானித்தது. 2012 மார்ச் 18இல் சங்கரன்கோவில் இடைத்தேர்தலின் வாக்குப்பதிவு நடந்தது. மறுநாள் அமைச்சரவை பணிகளைத் தொடர ஒப்புதல் தந்தது. இந்தத் தேதிகளுக்கு விளக்கவுரை தேவையில்லை. கூடவே இரண்டு காரணங்கள் உண்டு. இறுதிக் கையெழுத்து மாநிலத்திடம் இல்லை, மத்திய அரசிடம் இருந்தது. பல மணி நேர மின்வெட்டில் தவித்த உள்மாவட்டங்கள் கடற்கரை மக்களுக்குத் தோள் கொடுக்கவில்லை. எளியவரின் போராட்டம் மூன்றாம் தரப்பை அசைத்தால்தான் பலிக்கும் என்று மைக்கேல் லிப்ஸ்கி 1968இல் எழுதியது இங்கே எதிர்மறையாக மெய்ப்பட்டது. ஆயினும் 2013 மே 6 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அணுஉலைப் பாதுகாப்புக்கு 15 வழிகாட்டுதல்களை விதித்ததும், போராட்டக்காரர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயலச் சொன்னதும் வெறுங்கை அல்ல.

பொறுப்பு என்ற அளவில் தூத்துக்குடியும் தேறவில்லை. இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 20 லட்சம் ரூபாயும் அரசு வேலையும் கிடைத்தன. துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. காவல் அதிகாரிகள் உள்ளிட்டோர் மீது நடவடிக்கை எடுக்க அது பரிந்துரைத்தது. நிவாரணம் வேகமாக வந்தது, பரிந்துரை நான்கு ஆண்டு கழித்து வந்தது. பொறுப்புக்குப் பதிலாக நிவாரணம் என்பது இந்த மாநிலத்தின் எழுதப்படாத விதி.

5. கையெழுத்துப் போட ஆளில்லாத கோரிக்கை

கரிசல் மானாவாரி விவசாயியின் இன்றைய முதன்மையான குறை பயிர்க் காப்பீடு. அறுவடை நேரத்தில் மழை கொட்டி உளுந்து செடியிலேயே முளைத்தாலும், படைப்புழு மக்காச்சோளத்தைத் தின்றாலும், அழுகிய செடியோடு கோவில்பட்டி கோட்டாட்சியர் அலுவலகத்தின் முன் கூடுவது வழக்கம். அதிகாரி மனுவை வாங்கிக்கொள்வார், மேலே அனுப்புவதாகச் சொல்வார். அதற்கு மேல் அவரால் ஆகக்கூடியது குறைவு.

ஏன் என்பதற்கு 2016இல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் நடைமுறையைப் பார்க்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கிப் பிரீமியம் கட்டுவது தனி விவசாயி. ஆனால் இழப்பைக் கணக்கிடுவது பெரும்பாலும் அவர் நிலத்தை வைத்தல்ல, வருவாய்க் கிராமத்தையோ பிர்காவையோ ஓர் அலகாக வைத்து. அந்த அலகில் சில வயல்களில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்திச் சராசரி மகசூலை எடுப்பார்கள். கடந்த 7 ஆண்டுகளில் நல்ல மகசூல் கண்ட 5 ஆண்டுகளின் சராசரியிலிருந்து வகுத்த உத்தரவாத மகசூலோடு அதை ஒப்பிடுவார்கள். குறைவு இருந்தால்தான் இழப்பீடு. பக்கத்து ஊரில் மழை தப்பித் தேறியிருந்தால், இவர் காடு முழுக்கக் கருகியிருந்தாலும் சராசரி இவரைக் கைவிட்டுவிடும். மத்திய அரசு, மாநில அரசு, காப்பீட்டு நிறுவனம், புள்ளியியல் துறை என்று முடிவு சிதறிக் கிடக்கிறது. யாரை மறித்தாலும் அவர் இன்னொருவரைக் கை காட்டலாம்.

மின்கட்டணத்துக்கு ஓர் அரசாணை போதுமாக இருந்தது. ஆலைக்கு ஒரு பூட்டு போதுமாக இருந்தது. காப்பீட்டுக்கு அப்படியொரு கையெழுத்து இல்லை. போராட்டங்கள் அண்மைக் காலத்தில் பலனிழப்பதாகத் தோன்றினால், அதற்குச் சமூகப் பிளவை மட்டும் காரணம் சொல்வது தவறு. முடிவெடுக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாமல் போயிருப்பதும் சம அளவு காரணம்.

6. எதிர்வாதங்கள்

மனு கொடுத்தாலே காரியம் நடக்கும், தெரு எதற்கு என்பது முதல் எதிர்வாதம். கோவில்பட்டித் தீப்பெட்டித் தொழில் அதற்குச் சான்றாகலாம். 10 ரூபாய் பிளாஸ்டிக் லைட்டர் ஒன்று 20 தீப்பெட்டியின் விற்பனையைக் கெடுக்கிறது என்று உற்பத்தியாளர்கள் முறையிட்டனர். முதலமைச்சர் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. ஆனால் இந்தக் கோரிக்கைக்கு உள்நாட்டில் வலுவான எதிரியில்லை. எந்தக் கட்சிக்கும் ஓட்டு நட்டமும் இல்லை. எதிர்ப்பில்லாத கோரிக்கைக்கே மனு போதும்.

இரண்டாவது, போராட்டம் ஏற்கெனவே வரவிருந்த மாற்றத்துக்குப் பேர் வாங்கிக்கொள்கிறது என்பது. அமெரிக்காவின் டீ பார்ட்டி கூட்டங்களை ஆராய்ந்த மடெஸ்டாம் குழுவினரின் 2013 ஆய்வு இதற்கு நல்ல பதில். 2009 ஏப்ரல் 15இல் மழை பெய்யாத இடங்களில் கூட்டம் பெரிதாக இருந்தது. 2010 தேர்தலில் அவ்விடங்களில் அவ்வியக்கம் ஆதரித்த தரப்புக்கு வாக்கு கூடியது. மழைக்கு அரசியல் சார்பு இல்லையாதலால், கூடிய கூட்டத்துக்கே தனி விளைவு உண்டு என்று ஆகிறது.

மூன்றாவது, போராட்டமே பிளவை வளர்க்கிறது என்பது. 1997 இதற்குச் சாதகமான சான்றுதான். ஆனால் கொடியங்குளத்தார் பேசாமல் இருந்திருந்தால் பிளவு இல்லாமல் போயிருக்காது, வெளியே தெரியாமல் போயிருக்கும்.

7. முடிவுரை

பிளவுபட்ட காலத்திலும் போராட்டம் பயன்தருகிறது. கோரிக்கை சாதி, கட்சிக் கோடுகளைக் குறுக்கே வெட்டிப் போக வேண்டும். முடிவெடுப்பவர் அடையாளம் காணத்தக்கவராக இருக்க வேண்டும். தெருவோடு கூடவே ஆவணமும் சேர வேண்டும். இம்மூன்றும் பொருந்திய இடத்தில் அரசு நிலை மாறியிருக்கிறது. ஆனால் போராடியவர் அனைவருக்கும் பலன் சமமாகப் போனதில்லை. இறந்தவர்களுக்காக யாரும் பதில் சொன்னதும் அரிது.

இதிலிருந்து நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு. பயிர்க் காப்பீட்டுக்காகப் போராடும் கரிசல் விவசாயிகள் ‘இழப்பீடு கொடு’ என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. எந்தச் சர்வே எண்ணில் அறுவடைப் பரிசோதனை நடந்தது, அங்கே மகசூல் எவ்வளவு, உத்தரவாத மகசூல் எவ்வளவு, எந்த அதிகாரி கையொப்பமிட்டார் என்பதைக் கிராம அளவில் எழுதி ஒட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். அது சின்னக் கோரிக்கை. யாரும் எதிர்க்க முடியாதது. சிதறிக் கிடக்கும் முடிவை ஒரு காகிதத்தில் கொண்டுவந்து சேர்ப்பது அதுதான். அந்தக் காகிதம் கிடைத்த பிறகு நடக்கும் மறியலுக்கு யாரை மறிக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.