அஃப்யூனும் வலியும்

அபின் என்று நாம் வழங்கும் சொல் அரபியரின் 'அஃப்யூன்'. அதுவோ கிரேக்கரின் 'ஓபியோன்'. குருமாவுக்கு அரைக்கும் கசகசாவும் அவர்களுடைய 'கஷ்காஷ்' தான். ஒரே செடியின் விதை அடுக்களைக்கு வந்தது. காயின் பால் மருத்துவரின் பேழைக்குப் போயிற்று.

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதீஸின் மூலிகை நூலை இஸ்திஃபான் இப்னு பாஸில் பக்தாதில் அரபியாக்க, ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அதைத் திருத்தினார். அபினை உட்கொள்ளும் முறைகளோடு, தாய்ப்பாலும் குங்குமப்பூவும் கூட்டி வாத மூட்டின்மேல் இடும் முறையும் அந்நூலில் உண்டு. பின்வந்த இப்னு ஸீனா (980–1037), 'அல்கானூன்' நூலில், வலியின் மூலத்தைப் போக்கும் மருந்து வேறு, உணர்வை மரக்கச் செய்யும் 'முகத்திர்' வேறு என்று பிரித்தார். முகத்திர்களுள் வலிமை மிக்கது அபின் என்றும் எழுதினார்.

இதைக் காட்டி, இன்றைய விஞ்ஞானம் முழுவதும் நம் முன்னோர் அறிந்ததே என்று பேசுவோர் உளர். அது முறையன்று. மூட்டில் பூசினர் என்பது மெய். ஏன் பூசவேண்டும் என்பதற்கு அவர்கள் கூறிய காரணம் மருந்தின் குளிர்ச்சியே.

அபின் பற்றிக்கொள்ளும் 'ஏற்பிகள்' மூளையில் இருப்பதை 1973இல் அமெரிக்க, சுவீடன் ஆய்வாளர்கள் நிறுவினர். 1975இல் ஸ்காத்லாந்தின் அபர்தீன் நகரில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் இருவரும், உடல் தானே சுரக்கும் அபினொத்த பொருளைப் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுத்தனர். அதன் ஆற்றலை அளக்க அவர்கள் கையாண்டவற்றுள் ஒன்று கினிப்பன்றியின் குடல் துண்டு! மூளைக்கு வெளியிலும் ஏற்பிகள் உண்டு என்பதற்கு அக்குடலே சாட்சி. வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபராமைடு மாத்திரை அவற்றின்மீதே வேலை செய்கிறது. உரிய அளவில் உண்டால் அது மூளைக்குள் நுழைவதில்லை.

வலி நரம்புகளின் நுனியிலும் இவை உள்ளன. உடலில் ஓரிடம் வீங்கிச் சிவந்தால் அங்கே ஏற்பிகள் பெருகுகின்றன. அவ்விடம் வந்து கூடும் வெள்ளணுக்கள் எண்டார்பின் என்னும் வலியடக்கியைச் சுரக்கின்றன. ஜெர்மானிய மருத்துவர் கிறிஸ்டோஃப் ஸ்டைனும் அவருடைய தோழர்களும் 1991இல் முழங்கால் அறுவைக்குப் பின் 1 மில்லிகிராம் மார்ஃபினை மூட்டுக்குள்ளேயே செலுத்தினர். அதே அளவை இரத்தக் குழாயில் பெற்றவர்களைவிட இவர்களுக்குச் சில மணி நேரம் சென்றபின் வலி குறைந்திருந்தது. பிறர் பின்னர் செய்த சோதனைகள் யாவும் இதற்கு இசையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆயினும் இம்முயற்சியை விட்டுவிட இயலாது. மூளையை எட்டும் அபின் மருந்து வலியைத் தணிப்பதோடு மயக்கத்தையும் அடிமைத்தனத்தையும் கொணர்கிறது. அளவு மீறினால் மூச்சையே நிறுத்திவிடுகிறது. ஃபெண்டனிலால் அமெரிக்காவில் எத்தனை வீடுகள் பிள்ளைகளை இழந்தன!

அந்த ஃபெண்டனிலையே ஸ்டைன் குழுவினர் மாற்றியமைத்தனர். வீங்கிய இடத்தில் அமிலத்தன்மை மிகும். அங்கு மட்டுமே ஏற்பியைப் பற்றுமாறு செய்த புதுப்பொருள், மூச்சைத் தாழ்த்தாமல் எலிகளின் வலியைத் தணித்ததென 2017இல் வெளியிட்டனர். மூளைக்குள் பெரிதும் புகாத டிஃபெலிகெஃபாலின் என்னும் வேறொரு மருந்துக்கு அமெரிக்க அரசு 2021இல் இசைவளித்தது. அது வலிக்காக அன்று. சிறுநீரகம் பழுதாகி இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்வோரின் தீரா நமைச்சலுக்காக.