கடலோடிகள் – 14: விசாகப்பட்டினத்தில் இல்லாத விக்ராந்த்

சூளூர்பேட்டைக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரியைத் தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து முதல் ரோகிணி ராக்கெட் கிளம்பியது 1971 அக்டோபர் 9 அன்று. அடுத்த மாதமே, சென்னையிலிருந்து விசாகப்பட்டினம் வரை நீளும் இதே கடலில் ஒரு வேட்டை தொடங்கிவிட்டது. பாகிஸ்தானின் ‘காஸி’ நீர்மூழ்கி, நம்மிடம் இருந்த ஒரே விமானந்தாங்கிக் கப்பலான ‘விக்ராந்த்’தைத் தேடி வந்தது. அதற்குப் போக்குக் காட்டியவர் ஒரு நாகர்கோவில்காரர், வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன்.

1919-ல் பிறந்த கிருஷ்ணன், இரண்டாம் உலகப் போரில் பாரசீக வளைகுடாவில் சண்டையிட்டு டி.எஸ்.சி. பதக்கம் வாங்கியவர். பின்னாளில் விக்ராந்துக்கே கேப்டனாக இருந்தவர். 1971-ல் கிழக்குக் கடற்படையின் தளபதி. அந்தக் கப்பலின் பலமும் அவருக்குத் தெரியும், நோவும் தெரியும். கொதிகலன் ஒன்றில் விரிசல். முழு வேகம் எடுக்க முடியாது. நீர்மூழ்கி நெருங்கிவிட்டால் தப்புவது கஷ்டம்.

ஆகவே விக்ராந்தைச் சத்தமில்லாமல் அந்தமான் பக்கம் அனுப்பிவிட்டு, அது விசாகப்பட்டினத்தில் நிற்பதாக ஊரை நம்பவைத்தார். பழைய நாசகாரிக் கப்பலான ‘ராஜ்புத்’, விக்ராந்தின் அடையாளத்தில் வானொலிச் செய்திகளை அனுப்பியது. விசாகப்பட்டினத்துக் காண்டிராக்டர்களிடம் இறைச்சியும் காய்கறியும் ஏராளமாக ஆர்டர் போனது. கடைத்தெருவில் பேச்சு பரவினால் ஒற்றர் காதுக்கும் எட்டும் அல்லவா? உடல்நலமில்லாத தாயை விசாரித்து விக்ராந்தின் மாலுமி ஒருவர் கேட்பதுபோல், மறைமொழி இல்லாத தந்தி ஒன்றும் போனது. கிருஷ்ணனின் ஏற்பாடுகளில் என் மனதை அதிகம் தொட்டது இதுதான். கப்பலில் இருப்பவனின் கவலை எதுவென்று அறிந்த ஒருவருக்கே இப்படித் தோன்றும்.

டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி, விசாகப்பட்டினத் துறைமுகத்துக்கு வெளியே பெரும் வெடிச்சத்தம். கடலில் மிதந்த பொருள்களைப் பார்த்து முதலில் சொன்னவர்கள் மீனவர்கள். காஸி, 90-க்கும் மேற்பட்ட வீரர்களோடு மூழ்கியிருந்தது. ராஜ்புத் வீசிய ஆழ்கடல் குண்டுகளால் என்பது நம் கடற்படையின் கூற்று. தான் விதைத்த கண்ணிவெடியிலேயே சிக்கியது என்பது பாகிஸ்தானின் வாதம். அந்த வழக்கு இன்றும் தீரவில்லை. தீராவிட்டாலும் கிருஷ்ணனின் பெருமை குறையாது என்பேன். காஸி எந்தக் கப்பலுக்காகத் தீபகற்பத்தையே சுற்றி வந்ததோ, அந்தக் கப்பல் அங்கே இல்லை. விரிசல் விட்ட கொதிகலனோடு அது டிசம்பர் 4 அன்று சீ ஹாக் விமானங்களைக் காக்ஸ் பஜாருக்கும் சிட்டகாங்குக்கும் ஏவிக்கொண்டிருந்தது.

டிசம்பர் 16. டாக்காவில் பாகிஸ்தான் தளபதி நியாஸி சரணடைந்து கையெழுத்திடும் புகைப்படத்தில், இந்தியத் தளபதி அரோராவுக்குப் பின்னால் கடற்படைச் சீருடையில் நிற்பவர் கிருஷ்ணன். அரசு பத்மபூஷண் விருதளித்தது. ஓய்வுக்குப் பின் கொச்சி கப்பல் கட்டும் தளத்துக்குத் தலைமை ஏற்றார். 1982-ல் காலமானார். தமிழில் அவருக்கு முழுமையான ஒரு வாழ்க்கை வரலாறு வேண்டும். நாகர்கோவில் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும்படியாக யாராவது எழுத வேண்டும்.

(தொடரும்)