படிம இரைச்சல்

மங்கிய ஒளியில் எடுக்கும் டிஜிட்டல் ஒளிப்படங்களில், காட்சியில் இல்லாத பொடிப் புள்ளிகளும் நிறத் திட்டுகளும் தென்படுவது படிம இரைச்சல் எனப்படும். நிழல் பகுதிகளிலும், இரவு வானம், வெறும் சுவர் போன்ற ஒரே சீரான பரப்புகளிலும் இது முதலில் கண்ணில் படும்.

இரைச்சலின் பெரும்பகுதி கேமராவின் கோளாறு அன்று, ஒளியின் இயல்பு. ஒளி ஃபோட்டான்களாக, ஒழுங்கற்ற இடைவெளிகளில் வந்து சேர்கிறது. ஒரு பிக்சலில் சராசரியாக 100 ஃபோட்டான்கள் பதிவானால் அந்த எண்ணிக்கை 10 அளவுக்கு ஏறி இறங்கும். அதாவது பத்து விழுக்காடு. 10,000 பதிவானால் ஏற்ற இறக்கம் 100, ஒரு விழுக்காடுதான். ஏற்ற இறக்கம் ஃபோட்டான் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், சென்சார் எவ்வளவு உயர்ந்ததானாலும் இதிலிருந்து தப்ப முடியாது. இதனுடன், மின்னேற்றத்தை அளந்து எண்ணாக மாற்றும் சுற்றுகள் சேர்க்கும் வாசிப்பு இரைச்சலும் உண்டு. இன்றைய நல்ல சீமாஸ் சென்சார்களில் அது சில எலக்ட்ரான்களுக்குள் அடங்கிவிடுகிறது. நீண்ட எக்ஸ்போஷரில் மூன்றாவதாக வெப்பமும் சேர்ந்துகொள்ளும். சென்சார் சூடேற ஏற, ஒளி படாமலே எலக்ட்ரான்கள் உருவாகின்றன. வானியல் கேமராக்களைக் குளிரூட்டுவது இதனால்தான்.

மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் நிலைமை இன்னும் மோசம். கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற வண்ண வடிகட்டி அமைப்பையே பெரும்பாலான கேமராக்கள் பயன்படுத்துகின்றன. அதில் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஒன்றை மட்டுமே பதிவு செய்யும். பல்பு ஒளியில் நீலம் மிகக் குறைவு. வெள்ளை நிறத்தைச் சரிசெய்ய மென்பொருள் நீலத்தைப் பெருக்கும்போது அதிலுள்ள இரைச்சலும் சேர்ந்தே பெருகுகிறது. கறுப்புத் தலைமுடியில் ஊதாத் திட்டுகள் முளைப்பது இப்படித்தான்.

பழி பெரும்பாலும் ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்திறன் அமைப்பின் மீதே விழுகிறது. இது பாதிதான் நியாயம். ஐஎஸ்ஓவைக் கூட்டுவதால் சென்சாருக்கு வரும் ஒளி குறைவதில்லை. ஐஎஸ்ஓவை உயர்த்தியதை நம்பி ஷட்டர் வேகத்தைக் கூட்டும்போதோ லென்ஸ் துளையைச் சுருக்கும்போதோதான் குறைகிறது. துளையும் ஷட்டரும் மாறாதிருந்தால், குறைந்த ஐஎஸ்ஓவில் இருட்டாக எடுத்துப் பிறகு கணினியில் வெளிச்சமாக்குவதைவிட, கேமராவிலேயே ஐஎஸ்ஓவை உயர்த்துவது பல மாடல்களில் நிழல்களைச் சற்றுச் சுத்தமாகத் தரும். விளக்குகள் போன்ற பிரகாசமான இடங்கள் வெளுத்துப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆகவே முதல் வேலை ஒளியைச் சேர்ப்பதே. மேடை நடனம் ஒன்றை எஃப் 4, 1/250 நொடி, ஐஎஸ்ஓ 6400 என்று எடுப்பதாகக் கொள்வோம். எஃப் 2 லென்ஸ் இருந்தால் நான்கு மடங்கு ஒளி கிடைக்கும்; ஐஎஸ்ஓ 1600 போதும். நடனமணி ஒரு பாவத்தில் அசையாது நிற்கும் கணத்தைப் பிடித்தால் 1/125 நொடியும் தாங்கும்; ஐஎஸ்ஓ 800-க்கு இறங்கலாம். எட்டு மடங்கு ஒளி என்பது இரைச்சலின் விகிதத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக்கும். அசையாத காட்சிகளுக்கு முக்காலியைவிட மலிவான தீர்வு இல்லை. ஆனால் அசைவினால் கலங்கிய படத்தை எந்த மென்பொருளும் முழுதாக மீட்டுத் தராது; புள்ளி விழுந்த கூர்மையான படம் அதைவிட எவ்வளவோ மேல்.

ஒரே காட்சியைப் பலமுறை எடுத்துச் சராசரி காண்பது இன்னொரு வழி. தற்செயலான புள்ளிகள் ஒன்றையொன்று ஈடுசெய்ய, 16 படங்களின் சராசரியில் இரைச்சல் கால் பங்காகிறது. நட்சத்திரப் படக்காரர்கள் நெடுங்காலமாகக் கையாளும் இந்த உத்தியையே கைபேசிகளின் இரவு முறையும் பின்பற்றுகிறது. 2018-இல் கூகுள் பிக்சல் கைபேசிகளுக்கு வந்த நைட் சைட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காட்சிக்குள் ஆள் நடந்தால்தான் சிக்கல்.

நீண்ட எக்ஸ்போஷரில் ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் மின்னும் சூடான பிக்சல்கள் சராசரியால் போகா. ஷட்டரை மூடி, அதே நேர அளவுக்கு ஓர் இருட்டுப் படம் எடுத்துக் கழிக்க வேண்டும். பல கேமராக்கள் இதைத் தாமாகவே செய்யும். நான்கு நிமிடப் படத்துக்கு மேலும் நான்கு நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பது மட்டுமே தொல்லை.

மென்பொருளில் திருத்துவதானால் சென்சார் தரவைப் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் ரா கோப்பு வேண்டும். ஜேபெக்கில் கேமராவே ஏற்கெனவே இரைச்சலை வழித்துவிட்டிருக்கும். நிற இரைச்சலைத் தாராளமாக நீக்கலாம். நுண்ணிய நிற வேறுபாடுகளைக் கண் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஒளிர்வு இரைச்சலில் கை வைக்கும்போதுதான் புருவ முடிகள் கரைந்து, பட்டுப்புடவையின் இழை மறைந்து, தோல் மெழுகாகிறது. கொஞ்சம் புள்ளியை விட்டுவைப்பதே அழகு. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இந்த இழப்பைப் பெரிதும் குறைத்துள்ளன. அடோபி லைட்ரூமில் இவ்வசதி 2023-இல் வந்தது. ஆனால் தரவு இல்லாத இடத்தை அவை ஊகத்தால் நிரப்பவும் கூடும் என்பதால், சான்றாகவோ அளவீட்டுக்கோ பயன்படும் படங்களில் எச்சரிக்கை தேவை.

திரையில் நூறு விழுக்காடு பெரிதாக்கிப் பார்த்து அஞ்சவும் வேண்டியதில்லை. 24 மெகாபிக்சல் படத்தை 6 மெகாபிக்சலாகச் சுருக்கும்போது நான்கு பிக்சல்கள் ஒன்றாகி, இரைச்சல் ஏறத்தாழப் பாதியாகிறது. சிறிய அச்சில் அது பெரும்பாலும் தெரிவதே இல்லை.