குதிரைக்கு நெய், சின்சில்லாவுக்குத் தயிர்சாதம்

தஞ்சாவூரிலிருந்து நண்பர் போன் செய்தார். வங்கியில் வேலை பார்ப்பவர். எதற்கும் லேசில் பதறாத மனிதர். அன்றைக்குக் குரலே சரியில்லை.

"என்ன சார், வீட்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?"

"எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். சின்சில்லாதான் ரெண்டு நாளா சாப்பிடல."

மகளின் பிறந்தநாளுக்காகப் பெருநகரத்துக் கடை ஒன்றில் வாங்கி வந்த பிராணி. எலிக்குப் பங்காளி. முயல் காது, அணில் வால், பட்டுப் போன்ற சாம்பல் நிற ரோமம். நம் தலையில் ஒரு துவாரத்தில் ஒன்றோ இரண்டோ முடி முளைக்கும். இதற்கோ ஒரே துவாரத்தில் அறுபது வரை! தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக் குளிரில் வாழ்வதற்காக இயற்கை கொடுத்த கம்பளி அது. அந்தக் கம்பளியோடு மெடிக்கல் காலேஜ் ரோட்டுக்குக் குடிவந்திருக்கிறது, பாவம்.

"என்ன சாப்பிடக் கொடுத்தீங்க?"

"பிஸ்கட், முந்திரி, உலர்ந்த திராட்சை... அப்பப்போ ரெண்டு வாய் தயிர்சாதம். ஆசையா சாப்பிட்டுச்சு சார்!"

சிரிப்பு வந்தது. கூடவே, எழுநூறு வருடத்துக்கு முந்தைய ஒரு பழைய கணக்கும் ஞாபகத்துக்கு வந்தது.

1290-களில் தமிழகக் கரையில் வந்து இறங்கினார் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ. சோழர் ஆட்சி முடிந்து, தஞ்சைச் சீமையும் பாண்டியர் கையில் இருந்த காலம். இங்கே அவரை அசத்திய விஷயங்கள் இரண்டு. ஒன்று முத்து. இன்னொன்று, குதிரைக்காக நம் அரசர்கள் கொட்டிய பணம். ஹோர்முஸ், ஏடன் என்று அரபிக் கடலோரத் துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்தன. ஓர் அரசர் வருடத்துக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறார், வருடக் கடைசியில் நூறுகூட உயிரோடு மிஞ்சுவதில்லை என்று எழுதி வைத்திருக்கிறார் போலோ.

பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். தேய்மானம் 95 சதவீதம்! எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். பயணிகளின் கணக்கில் கொஞ்சம் மிகை இருக்கும்தான். பாதியைத் தள்ளுபடி செய்தாலும் கொடுமைதான்.

ஏன் செத்தன? போலோ சொல்லும் காரணம்: குதிரை வைத்தியம் தெரிந்த ஆள் இங்கே இல்லை. குதிரைக்குச் சோற்றோடு இறைச்சியை வேகவைத்துப் போட்டிருக்கிறார்கள். அடுத்து அவர் சொல்வதுதான் திகில். குதிரை விற்ற வியாபாரிகள் வைத்தியர்களைக் கூட்டி வருவதில்லை. யாராவது வர நினைத்தாலும் விடுவதில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு ஆர்டர்!

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் கிட்டத்தட்ட இதே காலத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் என்று ஒப்பந்தம். வழியில் செத்துப்போனாலும் விலையை அரசாங்கக் கஜானா கொடுத்துவிட வேண்டும். வந்து இறங்கிய குதிரைக்கு என்ன சாப்பாடு? வறுத்த பார்லி, நெய்யில் சமைத்த தானியம், குடிக்கக் காய்ச்சிய பசும்பால். நாற்பது நாள் கட்டிப்போட்டுக் கொழுக்க வைத்து, பிறகு ஒரேயடியாக விரட்டி ஓட்டுவார்களாம்.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. மாப்பிள்ளை விருந்துதான் வைத்திருக்கிறார்கள். ஆனால் குதிரையின் வயிறு மாப்பிள்ளை வயிறு இல்லையே! மாட்டுக்கு முன்பக்கம் நாலு அறை வயிறு. குதிரைக்குப் பெருங்குடல் தொடங்கும் இடத்தில்தான் பெரிய பை. அதில் வாழும் நுண்ணுயிர்கள் நார்ச்சத்தை நொதிக்க வைத்து ஜீரணிக்கும். மாவும் நெய்யும் எக்கச்சக்கமாகப் போனால் அந்த நுண்ணுயிர்க் கூட்டமே கலைந்துவிடும். வாந்தி எடுத்துத் தப்பிக்கவும் குதிரையால் முடியாது.

இப்போது ஒரு ஆச்சரியம். ஐநூறு கிராம் சின்சில்லாவுக்கும் ஏறக்குறைய இதே அமைப்புதான். அதே பை, அதே நார், அதே வாந்தி எடுக்க முடியாத வயிறு. ஆக, பாண்டியர் லாயத்தில் நடந்த தப்புதான் நண்பர் வீட்டுக் கூண்டிலும் நடந்திருக்கிறது.

"அப்போ நம்மகிட்ட விலங்கு வைத்தியமே கிடையாதா?" என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. குதிரைக்குச் சாலிஹோத்திரர், யானைக்குப் பாலகாப்பியர் என்று பெரிய பெயர்கள். பாலகாப்பியர் கதை உருக்கமானது. அங்க நாட்டில் பயிரை அழித்த யானைகளை மன்னர் உரோமபாதர் பிடித்துக் கட்டிவிடுகிறார். அந்த யானைகளோடு காட்டில் வாழ்ந்த முனிவர் தேடிக்கொண்டு வருகிறார். வந்தவர் யாரிடமும் பேசவில்லை. மெலிந்து, புண்ணோடு நிற்கும் யானைகளுக்கு மருந்து போட ஆரம்பிக்கிறார். ராஜாவின் ஆட்கள் கேட்டாலும் பதில் இல்லை. நோயாளி முதலில், ராஜா அப்புறம்!

யானை, குதிரை வைத்திய நூல்கள் தஞ்சை சரஸ்வதி மகாலில் இன்றும் இருக்கின்றன. 1950-களில் நூலகமே அச்சிட்டும் வெளியிட்டது. சிக்கல் எங்கே என்றால், அறிவு சுவடியில் இருந்தது, குதிரை லாயத்தில் இருந்தது. நடுவில் பாலம் போட ஆள் வேண்டும்.

அப்படி முயன்றவர் இரண்டாம் சரபோஜி. 1798-ல் பட்டத்துக்கு வந்தார். அடுத்த வருடமே நாட்டு நிர்வாகம் கம்பெனி கைக்குப் போய்விட்டது. கோட்டையும் புத்தகங்களும்தான் மிச்சம். மனிதர் சோர்ந்துவிடவில்லை. தன்வந்திரி மகால் என்று ஒரு மருத்துவ நிலையம் வைத்து, மனிதருக்கு மட்டுமல்ல, விலங்குகளுக்கும் மருந்து தயாரிக்கச் செய்தார். கைகண்ட மருந்துகளைத் தமிழ்ப் பாட்டாக எழுத வைத்தார். அவைதான் 'சரபேந்திர வைத்திய முறைகள்'.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இன்னொன்று. கண் நோயாளிகள் 44 பேரின் குறிப்புகள் அவர் காலத்திலிருந்து கிடைத்திருக்கின்றன. யார், என்ன நோய், என்ன சிகிச்சை, என்ன பலன் என்று எழுதி, கண்ணின் படமும் வரைந்து வைத்திருக்கிறார்கள். ஞாபகத்தை நம்பாமல் காகிதத்தை நம்பிய ராஜா!

ராஜா வீட்டு யானைக்கும் குதிரைக்கும் ஏடு இருந்தது. உழவர் வீட்டு உம்பளாச்சேரி மாட்டுக்கு? பாட்டி சொன்ன பக்குவம்தான். அதை எழுதிவைத்துச் சோதித்துப் பார்க்கும் வேலை நம் காலத்தில்தான் நடந்தது, அதுவும் தஞ்சாவூரிலேயே. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி இதில் முன்னோடி. பசுவின் மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்துப் பூசும் முறை இப்போது நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சரி, நண்பர் வீட்டுக்கு வருவோம். உள்ளூர் கால்நடை டாக்டர் நேர்மையானவர். "எனக்கு மாடு தெரியும், ஆடு தெரியும். இது தெரியாது. தெரிஞ்ச மாதிரி மருந்து கொடுத்தா தப்பாயிடும்" என்று சொல்லிவிட்டுச் சென்னையில் உள்ள தன் நண்பரான டாக்டருக்குப் போன் போட்டார். அந்தத் தயக்கம்தான் அந்த ஜீவனைக் காப்பாற்றியது. நமக்குச் சாதாரணமான பென்சிலின் வகை மருந்தை வாய்வழியாகக் கொடுத்தால், சின்சில்லாவின் குடல் நுண்ணுயிர்கள் அழிந்து, உயிருக்கே ஆபத்தாகும்.

சென்னை டாக்டர் சொன்னது எளிமையானது. தயிர்சாதம், முந்திரி கட். ஏசி அறை. அரைத்த புல்லைத் தண்ணீரில் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக. ராத்திரியிலும்தான். அப்புறம் நிழலில் காய்ந்த அருகம்புல். பிள்ளையாருக்குப் போடுகிற அதே அருகம்புல்! தினமும் எடை பார்க்க வேண்டும். எத்தனை புழுக்கை போட்டது என்று எண்ண வேண்டும்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டாள். தேதி, மணி, எடை, புழுக்கை. முதல் நாள் 430 கிராம். மூன்றாம் நாள் 418. அன்றைக்கு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லையாம். ஐந்தாம் நாள் நாலு புழுக்கை. "சார், ஆபீஸ்ல இருந்தேன். புரமோஷன் வந்தப்பகூட இவ்ளோ சந்தோஷப்படல" என்றார் நண்பர். சரபோஜியின் ஊரில் ஒரு சின்னப் பெண், தன்னை அறியாமலே அவர் வழியில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள்.

பிழைத்தது. ஏழு மாதம் நன்றாக ஓடியாடியது. சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் கரண்ட் போனது. வீட்டில் ஆள் இல்லை. இரண்டு மணி நேரம்தான். சின்சில்லாவுக்கு வியர்க்காது. வெப்பம் முப்பது டிகிரியை நெருங்கினாலே ஆபத்து. தஞ்சாவூரில் அன்றைக்கு எவ்வளவு என்று நான் சொல்லவேண்டியதில்லை.

1923-ல் சாப்மன் என்ற அமெரிக்கர் சிலி நாட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு சின்சில்லாக்களைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். மலையிலிருந்து கீழே இறக்கவே ஒரு வருடம் போல எடுத்துக்கொண்டாராம், உடம்பு மெல்லப் பழகட்டும் என்று. கப்பலில் ஐஸ் வைத்துக் குளிர்ச்சி. இத்தனைக்கும் அவருக்கு வேண்டியிருந்தது அதன் தோல்! தோலுக்காக வளர்த்தவர் எடுத்துக்கொண்ட சிரத்தையில் ஒரு பங்குகூட, செல்லமாக வளர்க்கக் கொடுக்கும் கடையில் இல்லை.

"நாலு வரி எழுதிக் கொடுத்திருந்தா வாங்கியே இருக்க மாட்டோம்" என்றார் நண்பர்.

அந்த நாலு வரியை மகள் எழுதிவிட்டாள். வெயில், புல், தயிர்சாதம், கரண்ட். நோட்டோடு சேர்த்து ஜெராக்ஸ் எடுத்து, அந்தக் கடைக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறாள். வாங்க வருகிறவர்களுக்குக் காட்டச் சொல்லி ஒரு கடிதமும் வைத்தாளாம். பதில் வரவில்லை. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது நண்பர் எட்டிப் பார்த்திருக்கிறார். கண்ணாடிக் கூண்டில் புதிதாக இரண்டு சின்சில்லாக்கள். விலைச் சீட்டு மட்டும் ஒட்டியிருந்தது.