கட்டிலருகே ஓர் உயர்கல்வி
மன்னார்க் கரையின் தாதியர் கல்வி பற்றிய வரலாற்றுக் குறிப்பு

எமது கல்லூரி நூற்றாண்டு காணும் இவ்வேளையில், அதன் பிள்ளைகளில் எத்தனை பேர் வைத்தியர்களாயினர், எத்தனை பேர் பொறியியலாளர்களாயினர் என்று எண்ணிப் பார்ப்பது இயல்பு. பரிசளிப்பு விழா அறிக்கைகளில் ஆண்டுதோறும் நாம் கேட்டு வளர்ந்த கணக்கும் அதுதான். ஆயினும் மன்னார்த் தீவிலும் எதிரேயுள்ள பெருநிலக் கரையிலும் உயிர்கள் காக்கப்பட்ட வரலாற்றை எழுதப் புகுந்தால், அக்கணக்கில் வராத பெருங்கூட்டம் ஒன்று எம்முன்னே வந்து நிற்கிறது. வாட்டுகளில் 'மிஸ்ஸி' என்று நாம் கூப்பிட்ட தாதியரும், சைக்கிளில் ஒழுங்கை ஒழுங்கையாகச் சென்ற மருத்துவமாதருமே அவர்கள். அவர்கள் பெற்ற கல்வியையும், இன்னும் பெறாதிருக்கும் கல்வியையும் பற்றியது இக்கட்டுரை.

வாசலில் இருந்த ஊர்

மன்னார் இலங்கையின் வடமேற்கு வாசல். முத்துக்குளிப்புக் காலங்களில் சிலாவத்துறையிலும் மறிச்சுக்கட்டியிலும் ஆயிரக்கணக்கானோர் கூடி, சில வாரங்களில் மணலில் ஒரு நகரமே எழும்பும். கூட்டம் கூடுமிடத்தில் வாந்திபேதியும் கூடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து தோணியேறி வந்த தோட்டத் தொழிலாளர் இக்கரையில் இறங்கி, காட்டுவழியாக மாத்தளை வரை நடந்தனர். வழியிலே நோயுற்று மாண்டவர் பலர். 1914இல் தலைமன்னாருக்கு ரயிலும் தனுஷ்கோடிக்குக் கப்பலும் ஓடத் தொடங்கின. தொழிலாளரை மறித்துப் பரிசோதிக்கும் முகாம் எதிர்க்கரையில் மண்டபத்தில் அமைந்தது. பிற்காலத்தில் போருக்கு அஞ்சிப் படகேறிய எமது மக்களுக்கும் அதே மண்டபம் முகாமாயிற்று.

இவ்வாறு நோய் முதலில் வந்திறங்கும் இடமாகவும், வைத்தியர் கடைசியாக வந்துசேரும் இடமாகவும் எமது ஊர் நெடுங்காலம் இருந்தது. மடுவிலிருந்து முசலி வரை மலேரியாக் காய்ச்சலை அறியாத வீடு இல்லை. இத்தகைய ஊரில் நோயாளியின் அருகே யார் இருந்தார், அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதே உயிருக்கும் சாவுக்கும் இடையே நின்றது.

முதற் பள்ளிகள்

வடபகுதியில் மேலை மருத்துவக் கல்வி மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீனுடன் வேரூன்றியது. 1847இல் வந்த அவர், பின்னர் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கியபோது அவர் தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்டவற்றுள் ஒன்று 1857இல் வெளிவந்த 'பிரசவ வைத்தியம்'. ஆனால் அவரிடம் பயின்றோர் ஆண்களே. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென இணுவிலில் 1898இல் மக்லியொட் ஆஸ்பத்திரி தோன்றிய பின்னரே, வடபகுதிப் பெண்கள் தாதியராகப் பயிலும் வழி பரவலாகத் திறந்தது.

கொழும்புப் பொது வைத்தியசாலையில் சிறு தொகையான பெண்களுக்குத் தாதியர் பயிற்சி 1878இல் ஆரம்பமாயிற்று. 1886இல் மரியாளின் பிரான்சிஸ்கன் மிஷனரிக் கன்னியர் அங்கு பணியேற்றனர். தாதிப் பணி நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு ஏற்றதல்ல என்ற எண்ணம் கரைய, வெள்ளை அங்கி அணிந்த அக்கன்னியரின் உழைப்பும் ஒரு காரணம். கத்தோலிக்கர் நிறைந்த எமது கரையில் இதன் பொருளை விளக்கத் தேவையில்லை. 1939இல் கொழும்பில் முறையான தாதியர் கல்லூரி நிறுவப்பட்டது.

கடலுக்கு அப்பால், வேலூரில் டொக்டர் ஐடா ஸ்கடர் 1909இல் தாதியர் பள்ளியை ஆரம்பித்திருந்தார். அப்பள்ளி வளர்ந்து 1946இல் தாதியத்தில் பட்டப்படிப்பையே வழங்கத் தொடங்கிற்று. தலைமன்னாரிலிருந்து கப்பலேறினால் சென்று சேரக்கூடிய ஓர் ஊரில் தாதி பட்டதாரியாகலாம் என்றிருந்த காலத்தில், இலங்கையில் அப்படியொரு பட்டம் இருக்கவில்லை. அது வர மேலும் அரை நூற்றாண்டு சென்றது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது.

மருத்துவமாது கற்பித்த பாடம்

சிறப்புக் கல்வி பெற்ற ஒரு பெண், வைத்தியர் இல்லாத இடத்தில் என்ன செய்ய முடியும்? இக்கேள்விக்கு இலங்கையிலேயே விடை உண்டு. 1926இல் களுத்துறையில் ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியுடன் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது. அவ்வமைப்பு நாடெங்கும் பரவி, வீடு தேடிச் செல்லும் பொதுச் சுகாதார மருத்துவமாதை உருவாக்கியது. இன்று குடும்பநல உத்தியோகத்தர் என நாம் அழைப்பவர் அவரே. பதினெட்டு மாதப் பயிற்சி பெற்று, சில ஆயிரம் பேர் வாழும் பகுதியொன்றுக்கு அவர் பொறுப்பேற்கிறார்.

1930களில் இந்நாட்டில் ஒரு இலட்சம் பிரசவங்களுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். இன்று அத்தொகை முப்பது நாற்பது என்ற அளவில் நிற்கிறது. மலேரியாக் கட்டுப்பாடு, இலவச வைத்தியம், பெண்கல்வி எனப் பல காரணங்கள் இதற்குண்டு. ஆயினும் கர்ப்பிணியின் வீட்டுப் படலையைத் திறந்து சென்று இரத்த அழுத்தம் பார்த்து, "நீர் இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்" என்று சொல்லும் பயிற்சியும் பொறுப்பும் ஒரு பெண்ணின் கையில் ஒப்படைக்கப்பட்டது மிகப்பெரிய காரணம் என்பதை எந்த மகப்பேற்று நிபுணரும் மறுக்கமாட்டார்.

ஏணி சென்ற திசை

அடுத்து நாம் கவனிக்கவேண்டியது, நன்றாகப் பணிசெய்த தாதி மேலே படிக்க விரும்பியபோது என்ன கிடைத்தது என்பதை. 1960இல் கொழும்பில் மேலதிகப் பயிற்சிக் கல்லூரி ஒன்று உருவாயிற்று. கற்பித்தல், மேற்பார்வை, வாட்டு முகாமை ஆகியனவே அங்கு முதன்மை பெற்றன. 1988இல் தாதியர் பேரவைச் சட்டம் நிறைவேறியது. 1994இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையோடு, பணியிலிருக்கும் தாதியருக்கான பட்டப்படிப்பைத் தொடங்கியது. இந்நூற்றாண்டில் பேராதனை, ஸ்ரீ ஜயவர்த்தனபுர, யாழ்ப்பாணம் முதலிய பல்கலைக்கழகங்களும் தாதியப் பட்டம் வழங்கலாயின. யாழ்ப்பாணத்தில் இப்பட்டம் கிடைப்பது எமது மாணவிகளுக்குப் பெருவரம்.

இவை யாவும் பெறுமதியானவை. ஆனால் ஒரு பொதுத்தன்மையைக் காண்கிறோம். ஏணியில் ஏறிய தாதி நோயாளியின் கட்டிலிலிருந்து விலகியே சென்றார். கைராசிக்காரி என்று பெயரெடுத்தவர் வாட் சிஸ்டராகிப் பதிவேடு பார்த்தார், மேட்றனாகிக் கடமைப் பட்டியல் போட்டார், அல்லது போதனாசிரியராகி வகுப்பறைக்குப் போனார். இருபது ஆண்டுகளாக நோயாளியிடம் கற்றதை அதே நோயாளிக்கு இன்னும் ஆழமாகப் பயன்படுத்தும் பதவி என்று ஒன்று வளரவில்லை.

வைத்தியர்களாகிய எமக்கு நிலைமை வேறு. 1980 முதல் கொழும்பில் மருத்துவப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் இருக்கிறது. நோயாளியோடு இருந்தபடியே படித்து நிபுணராகும் வழி அங்குண்டு. எமது உயர்தர விஞ்ஞான வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தவர்களில் சிலர் மருத்துவபீடம் சென்றோம், சிலர் தாதியர் கல்லூரி சென்றனர். எம்மைப் பிரித்தவை வெட்டுப்புள்ளியில் ஒரு சில புள்ளிகளே. இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் எமக்கிடையே உள்ள தூரத்தை அந்தப் புள்ளிகளால் விளக்க முடியாது. எமக்கு ஏணி இருந்தது என்பதே அதன் விளக்கம்.

உலகம் கண்ட வழி

அமெரிக்காவின் கொலராடோவில் 1965இல் தாதியான லொரெட்டா போர்ட்டும் குழந்தை வைத்தியரான ஹென்றி சில்வரும் சேர்ந்து, வைத்தியர் அரிதான இடங்களில் குழந்தைகளைப் பரிசோதித்துச் சிகிச்சை அளிக்கத் தாதியரைப் பயிற்றும் திட்டத்தைத் தொடங்கினர். 'நேர்ஸ் பிரக்டிஷனர்' என்ற பதவி அப்படிப் பிறந்தது. ஒன்ராறியோ மாகாணம் 1998இல் அதற்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. ரொறன்ரோவில் வாழும் எமது சகோதரிகள் பலர் தங்கள் பிள்ளைகளை அத்தகைய தாதியிடம் காட்டியிருப்பர். சர்வதேச தாதியர் சபை 2002இல் உயர்நிலைத் தாதியப் பணிக்கு வரைவிலக்கணம் தந்தது. 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில் முதுமாணிப் பட்டத்தை அதற்குரிய தகைமையாகக் கொண்டது.

இங்கிலாந்து 2017இல் ஒரு படி மேலே சென்றது. தாதியர், இயன்மருத்துவர், மருந்தாளர், அம்புலன்ஸ் சேவையாளர் ஆகிய பல துறையினருக்கும் பொதுவாக, உயர்நிலைச் சிகிச்சைப் பணிக்கான ஒரே சட்டகத்தை வகுத்தது. அதற்கு நான்கு தூண்கள்: சிகிச்சைப் பணி, தலைமைத்துவமும் முகாமையும், கற்பித்தல், ஆய்வு. உடலைப் பரிசோதித்தல், நோயைப் பிரித்தறிதல், மருந்தியல், மருந்தெழுதுதல் ஆகியவற்றை மாணவி முதுமாணி நிலையில் கற்கிறார். அனுபவமுள்ள மேற்பார்வையாளரின் கண்முன்னே அவற்றைச் செய்துகாட்டித் தேறுகிறார். இந்தியாவும் அண்மைக் காலத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்காக, பணிசெய்துகொண்டே கற்கும் இரண்டாண்டு முதுமாணிப் பயிற்சியை ஏற்படுத்தியிருக்கிறது.

எமது கரைக்கு ஏன்?

மன்னார் மாவட்டத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். 1990இல் ரயில் நின்றது, தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலம் தகர்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய ஊர்களின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது, சில நாள்களில் ஊர்களே வெறுமையாயின. மடுவிலும் பேசாலையிலும் அகதிகள் குவிந்தனர். அக்காலத்தில் எமது தாதியரும் மருத்துவமாதரும் தங்கள் சான்றிதழ் அனுமதித்ததற்கு மேலாகவே செய்தனர், ஏனெனில் செய்ய வேறு எவரும் இருக்கவில்லை. புதிய பாலம் 2010இலும் தலைமன்னார் ரயில் 2015இலும் வந்துவிட்டன. ஆயினும் எமது மாவட்ட வைத்தியசாலையிலிருந்து மேலதிகச் சிகிச்சைக்கு அனுப்பப்படும் நோயாளி, வவுனியாவுக்கே 80 கிலோமீற்றர் அளவு பயணம் செய்யவேண்டும். யாழ்ப்பாணமும் அநுராதபுரமும் அதைவிடத் தூரம்.

அந்தத் தூரத்தை மனதில் வைத்து மூன்று நோயாளரை எண்ணிப் பார்ப்போம். கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம் முற்றி வலிப்பை நெருங்கும் தாய்க்கு, அம்புலன்ஸ் புறப்படுமுன் மக்னீசியம் சல்பேற்றின் முதல் ஊசி ஏறியிருக்கவேண்டும். நீரிழிவால் கால் உணர்விழந்த மீனவருக்கு, கரைவலை இழுக்கையில் சிப்பி வெட்டிய காயம் வலிக்காது. மெல்லிய நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டுச் சோதித்து, அன்றே மருந்து மாற்றக்கூடிய ஒருவர் ஊரிலிருந்தால் கால் தப்பும். மூன்றாமவர் காய்ச்சலோடு வருபவர். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அவ்வாண்டு முடியுமுன்னரே, இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபன்சி நுளம்பு இலங்கையில் முதன்முறையாக மன்னார்த் தீவில் கண்டுபிடிக்கப்பட்டது. கிணறுகளிலும் தண்ணீர்த் தாங்கிகளிலும் பெருகும் நுளம்பு அது. ஆகவே காய்ச்சலோடு வருபவரிடம் "அண்மையில் கடல் கடந்து போனீரா?" என்று முதலில் கேட்டு, உடனே இரத்தம் எடுத்துப் பார்க்கும் கண்ணும் அதிகாரமும் உள்ளவர் ஒவ்வொரு கிராமிய வைத்தியசாலையிலும் தேவை.

இதை எமது ஊர் அறியாததல்ல. முதியோர் இன்றும் 'அப்போதிக்கரி' என்ற சொல்லை மரியாதையோடு சொல்வர். அவர்களின் வழிவந்த உதவி மருத்துவ அதிகாரிகளே பல கிராமிய மருந்தகங்களைத் தனித்து நடத்தினர். பின்னர் அப்பயிற்சி நிறுத்தப்பட்டது. 'அரை வைத்தியர்' வேண்டாம் என்பது எம் துறையினரின் வாதம். அவ்வாதத்தில் நியாயம் உண்டு: மேற்பார்வையும் சட்ட வரம்பும் இல்லாத அதிகாரம் நோயாளிக்கு ஆபத்து. ஆனால் உயர்நிலைத் தாதி வைத்தியருக்குக் குறுக்குவழி அல்லர். மூன்றாண்டுப் பயிற்சி, பல்லாண்டு அனுபவம், அதன்மேல் முதுமாணிக் கல்வி என்று அடுக்கி எழுப்பப்பட்டவர் அவர். எது வரை தாம் செய்யலாம், எப்போது வைத்தியரை அழைக்கவேண்டும் என்பதையே அக்கல்வி முதலில் கற்பிக்கிறது.

தடை வேறிடத்தில் இருக்கிறது. படித்து வந்தாலும் அப்படிப்புக்குரிய பதவியும் சம்பளமும் மருந்தெழுதும் சட்ட அனுமதியும் இல்லையெனில், அவர் பழைய கடமைக்கே திரும்புவார், அல்லது விமானம் ஏறுவார். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் எத்தனை பேர் ஏறினர் என்பதை, வெளிநாட்டு வைத்தியசாலைகளில் பணிபுரியும் எமது பழைய மாணவிகள் எம்மைவிட நன்கறிவர்.

ஆகவே இம்மலரைக் கையில் எடுக்கும் சகோதரிகளிடம் மூன்று வேண்டுகோள்கள். பிரித்தானியாவிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இப்பணியை நாள்தோறும் செய்வோர், பயிற்சித் திட்டங்களையும் மேற்பார்வை முறைகளையும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துத் தாதியத் துறையினருடன் பகிர்ந்துகொள்ளவேண்டும். பழைய மாணவிகள் சங்கம் மருத்துவ மாணவிகளுக்கு அளிக்கும் உதவியைப் போல், பட்டப்பின் படிப்பை நாடும் தாதியருக்கும் ஒரு நிதியை ஒதுக்கவேண்டும். வைத்தியர்களாகிய நாம், அவர்களுக்குரிய பதவியையும் சட்டத்தையும் கோரும்போது அவர்களுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். இவ்வாண்டு உயர்தரம் எழுதும் எமது மாணவிகளில் தாதியராகப் போகிறவள் ஒருத்தி, நாற்பது வயதில் தான் எங்கே நிற்கலாம் என்று கேட்டால், சொல்வதற்கு எம்மிடம் ஒரு பதில் இருக்கவேண்டும்.